மலிவாக வந்த லேடீஸ் சைக்கிள்

எங்கள் வீட்டுக்காரருக்கு மலிவு என்ற வார்த்தை காதில் விழுந்தால் போதும், சோறு வேண்டாம், தண்ணீர் வேண்டாம், எழுந்து ஓடிவிடுவார். அதிலும் சைக்கிள் சாமான் மலிவாகக் கிடைக்கிறது என்று யாராவது சொல்லிவிட்டால் கேட்கவே வேண்டாம். யுத்த காலத்தில் டயர், டியூப், செயின் எதுவுமே கடையில் கண்ணில் படாது. எங்கள் வீட்டில் மட்டும் மூட்டை மூட்டையாகச் சைக்கிள் சாமான் கிடந்தது. ஓடுகிற சைக்கிள் என்னவோ ஒன்றுதான்.

அவர் எனக்கு அத்தை மகன். பாவாடை கட்டிய நாளிலிருந்து பாவா என்று கூப்பிட்டுப் பழக்கம். தாலி கட்டிய பிறகும் அதுவே நிலைத்துவிட்டது. திருத்தணியில் அப்போது பாதி வீட்டில் தெலுங்கு, பாதி வீட்டில் தமிழ், எங்கள் வீட்டில் இரண்டும். மற்ற நேரத்தில் வாங்க, போங்க என்று மரியாதையாகத்தான் பேசுவேன். கோபம் வந்தால் அந்த ‘ங்க’ எங்கே போகுமென்று எனக்கே தெரியாது.

அரக்கோணத்தில் ஒரு மரவாடியில் அவர் கணக்குப்பிள்ளை. ரயிலில் போய் வரலாம். ஆனால் யுத்த வருஷங்களில் ரயில் நிறையச் சிப்பாய்கள், நிற்க இடமிருக்காது. அது ஒரு காரணம். டிக்கெட் காசு மிச்சம் என்பது இன்னொரு காரணம், அதை அவர் வெளியே சொல்லமாட்டார். விடியற்காலை சைக்கிளில் கிளம்பினால் விளக்கு வைத்த பிறகுதான் திரும்புவார். திரும்பும்போது கேரியரில் ஏதாவது ஒரு காகிதப் பொட்டலம் இருக்கும். அதைப் பார்த்தாலே எனக்கு வயிறு எரியும்.

அவருடைய வித்தை எல்லாம் போணி வித்தை. கடைக்காரன் கதவைத் திறந்து, தண்ணீர் தெளித்து, ஊதுவத்தி கொளுத்தி நிமிர்கிறபோது இவர் எதிரே நிற்பார். முதலில் வருகிற ஆளை வெறுங்கையோடு அனுப்பினால் அன்றைய வியாபாரமே படுத்துவிடும் என்று கடைக்காரர்களுக்கு ஒரு பயம். அந்தப் பயம்தான் இவருக்குக் கைமுதல். சொன்ன விலையில் பாதிக்கும் கீழே கேட்பார்.

“இன்னா சாமி, காலங்காத்தால வயித்துல அடிக்கிறியே?” என்பானாம் கடைக்காரன்.

“போணி பண்ண வந்தவன வேணான்றியா? சரி, நான் போறேன்,” என்று இவர் கடையை விட்டு இறங்கி நடப்பாராம். தெருமுனை தாண்டுவதற்குள் “வா சாமி, எடுத்துக்கினு போ” என்று கூப்பிட்டுவிடுவார்களாம். இதையெல்லாம் சோறு தின்றுகொண்டே எனக்கு நடித்துக் காட்டுவார். கடைக்காரனாகவும் அவரே, இறங்கிப் போகிறவராகவும் அவரே. எனக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். சிரித்ததோடு விட்டேனா? நானும் கற்றுக்கொண்டேன். மலையடியில் கிருத்திகைக்குப் போடுகிற கடைகளில் வளையல்காரன் என்னைப் பார்த்தாலே தட்டை மூடுகிற அளவுக்குக் கற்றுக்கொண்டேன்.

ஒரு தடவை பட்டாளத்துக் கான்வாஸ் ஷூ ஒரு ஜோடி வாங்கிவந்தார். சைக்கிள் மிதிக்க இதுபோல் கிடையாது என்று தடவித் தடவிப் பார்த்தார். நான் இரண்டையும் தரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன்.

“பாவா, ரெண்டும் எடது காலா கீதே?”

“அதாம்மே மலிவு! போட்டுக்கினா பழகிடும்.”

பழகவில்லை. ஒரு மழைக்காலம் முழுக்க அதைப் போட்டுக்கொண்டு மிதித்து, வலது கால் கட்டைவிரல் நகம் கறுத்து விழுந்தது. அப்புறம் ஒரு ரப்பர் மழைக்கோட்டு வந்தது. வெயில் பட்டால் உருகி ஒட்டிக்கொள்ளும். உள்ளே இருக்கிற ஆளை உரித்துத்தான் எடுக்க வேண்டும். யாரோ ஒரு ராட்சசச் சிப்பாயின் காக்கிப் பேண்ட் ஒன்று வந்தது. அதைப் பிரித்து அவருக்கு ஒரு அரைக்கால் சட்டையும், மிச்சத்தில் எனக்குக் காய்கறிப் பையும் தைத்தேன். கண்ணாடி இல்லாத மண்ணெண்ணெய் விளக்கு ஒன்றை ஹாண்டில்பாரில் மாட்டிக்கொண்டு போலீஸ்காரரிடம், “வெளக்கு கீதா இல்லியா, அத்த மட்டும் பாருங்க,” என்று வாதாடிவிட்டு வந்தார். என்ன மனுஷன் என்று தலையில் அடித்துக்கொள்வேன். ஆனால் உள்ளுக்குள் எனக்குப் பெருமைதான். நம்ம ஆளை யாரும் ஏமாற்ற முடியாது என்ற பெருமை.

எனக்கும் ஒரு ஆசை இருந்தது. கல்யாணத்துக்கு முன்னால் எங்கள் அப்பா என்னை உபாத்தியாயினி டிரெயினிங் படிக்க வைத்திருந்தார். சர்ட்டிபிகேட் டிரங்குப் பெட்டியில், பட்டுப்புடவைக்கு அடியில் கிடந்தது. வருஷத்துக்கு ஒரு முறை புடவையை வெயிலில் போடும்போது அதையும் எடுத்துப் பார்ப்பேன். வீட்டில் நாங்கள் இரண்டே பேர். காலையில் அவர் கிளம்பிவிட்டால் எனக்கு அந்த நாள் முழுக்கச் சும்மாதான் கழியும். படித்த படிப்பு வீணாகிறதே என்று அழுகையாக வரும்.

யுத்தம் முடிந்த மறு வருஷம், அரக்கோணம் போகிற வழியில் உள்ளே தள்ளி இருந்த ஒரு கிராமத்துப் பெண்கள் பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலை காலியானது. தமிழ், தெலுங்கு இரண்டும் தெரிந்த டீச்சர் வேண்டும் என்று தேடினார்கள். இன்ஸ்பெக்டரம்மா மலைக்குச் சாமி தரிசனத்துக்கு வந்திருந்தபோது நானே போய்ப் பார்த்தேன். கண்ணாடி போட்ட, கண்டிப்பான அம்மாள். சர்ட்டிபிகேட்டை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

“இங்கேருந்து ஆறு மைல். எப்படி வருவே?”

“நடந்து வருவேங்க.”

“முன்னாடி இருந்தவளும் அப்படித்தான் சொன்னா. நடந்து நடந்து படுத்த படுக்கையாப் போயிட்டா. பஸ்ஸை நம்பாதே, அது பெட்ரோல் இல்லாம கரி அடுப்புல ஓடற வண்டி, மேட்டைக் கண்டா நின்னுடும். இதோ பாரு, ஜூன் மாசம் பள்ளிக்கூடம் திறக்கிற அன்னைக்கு முதல் மணி அடிக்கிறதுக்கு முன்னாடி நீ வாசல்ல நிக்கணும். அப்புறம் தினமும் நிக்கணும். அதுக்கு ஒரு வழி பண்ணிக்கோ. வேலை உனக்குத்தான்.”

மலையிலிருந்து படி இறங்கி வந்தேனா, பறந்து வந்தேனா தெரியாது. வழி என்ன வழி? அவர் கொண்டுபோய் விடலாம் என்றால் மரவாடி விடிந்தவுடன் திறந்துவிடும்; திரும்ப அழைத்துவர இருட்டிவிடும். டபுள்ஸ் போனால் போலீஸ்காரர் வேறு பிடிப்பார். கட்டிக்கொண்ட பெண் புருஷனை விட்டு அந்தக் கிராமத்தில் தனியாகத் தங்குகிற பேச்சே கிடையாது. யோசித்து யோசித்துத் தலைவலி வந்ததுதான் மிச்சம்.

அந்தச் சமயத்தில்தான் அரக்கோணம் பக்கத்தில் யுத்த விமானம் இறங்குகிற ஏரோடிராமில் பட்டாளத்துச் சாமான்களை ஏலம் போட்டார்கள். பாவா டயர் ஏலம் எடுக்கப் போனார். சாயங்காலம் தெருவில் ஒரே சத்தம். பிள்ளைகள் கூட்டம் பின்னால் வர, தன் சைக்கிளை ஒரு கையிலும் இன்னொரு சைக்கிளை இன்னொரு கையிலும் தள்ளிக்கொண்டு வருகிறார், முகமெல்லாம் பல். அந்த இன்னொன்று லேடீஸ் சைக்கிள். பட்டாளத்தில் வேலை செய்த வெள்ளைக்காரப் பெண்கள் ஓட்டியது. பச்சைப் பெயிண்ட். நடுவில் குறுக்கு பார் கிடையாது. வளைந்து தாழ்ந்து போகும், புடவையோடு அப்படியே காலை வைத்து ஏறலாம். பின் சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் நூல் வலை கட்டியிருந்தது, துணி உள்ளே போகாமல் இருக்க. செயினுக்கு முழு மூடி. ஆகா, ஓடிப்போய் அதன் மணியை அடித்துப் பார்த்தேன்.

“ஒருத்தனும் கேக்கலம்மே. பொம்பள வண்டிய எவன் ஓட்டுவான்னு அத்தினி பேரும் சிரிச்சிக்கினு நின்னானுங்க. நான் கைய தூக்கினேன், முடிஞ்சது! ஒரு டயரு வெல கூட ஆகல.”

“யாருக்கு பாவா இது?”

“இன்னா கேள்வி இது? டீச்சரம்மாவுக்குத்தான்.”

அந்த ஒரு வார்த்தைக்காக அவர் அதுவரை வாங்கிவந்த அத்தனை குப்பையையும் மன்னித்துவிட்டேன்.

அவரே கற்றும் கொடுத்தார். மாசி கழிந்து ஏரி வற்றியிருந்தது. உள்வாயில் தரை இறுகிக் கெட்டியாக இருக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் விடிந்ததும் அங்கே போவோம். சீட்டைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடி வருவார். “கீழ பாக்காத, முன்னால பாரு. பயந்துகினே இருந்தா எப்டி? மிதி, மிதி!” ஆடு மேய்க்க வந்த பெண்கள் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்ப்பார்கள். “யம்மாடி, தொரசாணி வருது, வழி வுடுங்கடி!” என்று ஒருத்தி கத்துவாள். நான் வேண்டுமென்றே அவர்களைப் பார்த்து மணி அடிப்பேன். முட்டி பேர்ந்தது, முழங்கை பேர்ந்தது. அப்புறம் ஒரு நாள் திரும்பிப் பார்த்தால் அவர் வெகு தூரத்தில் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்று சிரிக்கிறார். நான் பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கிறேன். அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷத்தை, பிள்ளை பெற்றபோதுகூட நான் உணரவில்லை. சொன்னால் தப்பாக நினைப்பார்கள், ஆனால் உண்மை அதுதான்.

இந்த மனுஷன் அதோடு நின்றிருக்கலாம். நிற்பாரா? மரவாடி வேலையாக ஒரு நாள் திருவாலங்காடு போனார். அங்கே ஒரு வெல்ல வியாபாரி இவருடைய சைக்கிளைப் பார்த்து ஆசைப்பட்டுவிட்டார். யுத்தம் முடிந்தாலும் புது வண்டி இன்னும் கடைக்கு வராத நேரம். அந்த ஆள் சொன்ன விலையைக் கேட்டு இவருக்குத் தலை சுற்றியிருக்கிறது. வாங்கின விலையைப் போல எத்தனையோ மடங்கு. அங்கேயே, ரோட்டிலேயே, வண்டியைக் கொடுத்துவிட்டு ரயிலேறி வந்துவிட்டார். மடியிலிருந்து ரூபாயை எடுத்து என் முன்னால் வைத்தபோது, ஐயோ, நானும்தான் வாயைப் பிளந்தேன். “கெட்டிக்காரர் பாவா நீங்க,” என்றுகூடச் சொன்னேன். அப்புறம்தான் உறைத்தது.

“நாளைக்கு மரவாடிக்கு எதுல போவீங்க?”

“அதான் ஒரு வண்டி கீதே. ஜூன் வரைக்கும் நீ இன்னா பண்ணப்போற? அதுக்குள்ள நமக்கு வேற ஒண்ணு தகையாமயா போயிடும்?”

மறுநாள் லேடீஸ் சைக்கிளில் மரவாடிக்குப் போனார். சாயங்காலம் வந்த முகத்தைப் பார்க்க முடியவில்லை. லாரியில் மரம் ஏற்றுகிற ஆட்கள் பிடித்துக்கொண்டுவிட்டார்களாம். “கணக்குப்புள்ள நாளைக்கு பொடவ கட்டிக்கினு வருவாரா?” என்று ஒருவன். “மல்லிப்பூ நான் வாங்கினு வரேன்,” என்று இன்னொருவன். அந்த வாரம் முழுக்க அவர் சரியாகச் சாப்பிடவில்லை. ரயிலில் போங்களேன் என்றேன். காசு கொடுத்துப் போவதா என்று ஒரே பிடிவாதம். மணி அடிக்கிற சத்தம் கேட்டாலே அந்த ஆட்கள் குலவை போடுகிறார்கள் என்றார். எனக்கும் பாவமாகத்தான் இருந்தது.

சனிக்கிழமை வந்தார். முகத்தில் பழைய சிரிப்பு. வண்டியைத் தாழ்வாரத்தில் சாய்த்துவிட்டு, “வந்து பாரு,” என்றார். பார்த்தேன். வளைந்து தாழ்ந்திருந்த இடத்தில், சீட்டுக்கும் ஹாண்டில்பாருக்கும் நடுவே, ஒரு இரும்புக் குழாயை வெல்டிங் வைத்துக் குறுக்கே ஒட்டியிருந்தார். பின்சக்கரத்து வலையையும் அறுத்து எடுத்தாகிவிட்டது. கறுப்புப் பெயிண்ட் வேறு.

“கொழா மரவாடில சும்மா கெடந்தது. வெல்டிங்காரன் நமக்குத் தெரிஞ்சவன். காசே செலவில்ல. இனிமே எவனாவது பொம்பள வண்டின்னு சொல்லட்டும்!”

எனக்கு ‘ங்க’ போய்விட்டது. “உனக்கு அறிவு கீதாய்யா? என் வண்டிய கெடுத்து வெச்சிக்கினு பல்ல இளிக்கிறியே! நான் எப்டி ஏறுவேன்? புடவையோட இந்தக் கம்பிய தாண்டி நான் எப்டிய்யா ஏறுவேன்?”

அவர் அப்போதுதான் அதை நினைத்தார். சத்தியமாகச் சொல்கிறேன், அதுவரை அவருக்கு அது தோன்றவே இல்லை. குழாயைத் தொட்டுப் பார்த்தார். அறுத்துவிடலாம் என்றார். அறுத்தால் மறுபடியும் லாரிக்காரர்கள் சிரிப்பார்கள், அவர் மறுபடியும் சாப்பிடமாட்டார். இரண்டு நாள் நான் பேசவில்லை. மூன்றாம் நாள் அவரே வந்து எதிரில் உட்கார்ந்தார்.

“பழய வண்டி வித்த ரூபா அப்டியே கீது. பட்டணத்துல லேடீஸ் சைக்கிள் வந்திருக்குதாம். புதுசு. போய் வாங்கியாந்துடலாம், வா.”

புதுசு என்ற வார்த்தை அவர் வாயிலிருந்து வந்து நான் கேட்டதே இல்லை. மறுநாளே ரயிலேறினோம். பட்டணத்தில் அது பெரிய கடை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் லேடீஸ் சைக்கிள் ஒன்று நின்றிருந்தது, ஒன்றே ஒன்று. கறுப்பு உடம்பில் தங்க நிறத்தில் மெல்லிய கோடு. வலை இருந்தது, செயின் மூடி இருந்தது, வெயில் படாத சீட்டு. நான் கையை வைத்துப் பார்த்தேன். ஜில்லென்று இருந்தது. கடைக்காரர் நாற்காலியிலிருந்து எழுந்திருக்கவில்லை. உட்கார்ந்தபடியே விலையைச் சொன்னார். எங்களிடம் இருந்த பணத்துக்குள் அடங்குகிற விலைதான். பாவா என் முகத்தைப் பார்த்தார். அந்த நிமிஷத்தில் நான் தலையை ஆட்டியிருந்தால் போதும். ஒரு தலையாட்டல், அவ்வளவுதான்.

நான் என்ன செய்தேன்? பேரம் பேசினேன். பச்சைச் சைக்கிளை என்ன விலைக்கு எடுத்தோம் என்பது மனசில் உட்கார்ந்துகொண்டு போகவே மாட்டேன் என்றது. பெயிண்ட் சரியில்லை என்றேன், மணி சத்தம் வரவில்லை என்றேன். கடைக்காரர் சுவரில் மாட்டியிருந்த போர்டைக் காட்டினார். ஒரே விலை என்று எழுதியிருந்தது.

“போர்டு யார் வேணா எழுதலாங்க. குடுக்கற வெலய சொல்லுங்க,” என்றேன்.

“அதாம்மா கொடுக்கற விலை,” என்றார், செய்தித்தாளைப் பிரித்துக்கொண்டே.

எனக்குச் சுருக்கென்றது. “வாங்க பாவா, போலாம்,” என்று கடையை விட்டு இறங்கிவிட்டேன். அவரும் இறங்கினார். எங்களுக்குத் தெரிந்த வியாபாரம் அதுதானே? இறங்கி நடந்தால் கூப்பிடுவார்கள். மெதுவாக நடந்தோம். அடுத்த கடையில் ஏதோ பார்ப்பதுபோல நின்றோம். தெருமுனைக்கு வந்தும் பின்னாலிருந்து சத்தம் வரவில்லை. அங்கே ஒரு சோடா வாங்கி இரண்டு பேரும் குடித்தோம், தாகத்துக்கா குடித்தோம்? அந்தக் கடை வாசலைப் பார்த்துக்கொண்டே குடித்தோம். யாரும் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

“திரும்பிப் போயி வாங்கிடலாம்மே,” என்றார் பாவா. மெதுவாகத்தான் சொன்னார்.

“எறங்கிட்டு திரும்பிப் போறதா? மானம் போயிடும். அடுத்த ஏலம் வருது இல்ல? அங்க இன்னும் எத்தினியோ கெடக்குது. இவன்கிட்ட ஏன் அழணும்?”

“இல்லம்மே, ஜூன் வந்துகினு கீது...”

“வாங்க பாவா, ரயிலுக்கு நேரமாச்சு.”

இதை எழுதும்போதுகூட அந்தத் தெருமுனையில் போய் நின்று என்னை நானே கன்னத்தில் அறையலாமா என்று இருக்கிறது. குழாயை ஒட்ட வைத்தது அவர். சரி. ஆனால் அந்தக் கண்ணாடிக் கடையிலிருந்து அவரை இழுத்துக்கொண்டு வந்தது நான். அவருக்காவது வெட்கம் என்று ஒரு காரணம் இருந்தது. எனக்கு என்ன கேடு?

அடுத்த ஏலம் வந்தது. பாவா முதல் ஆளாகப் போய் நின்றார். இரும்புக் கட்டில், கூடாரத் துணி, தகர டப்பா, எல்லாம் இருந்தது. சைக்கிள் ஒன்றுகூட இல்லை. அதற்கு அடுத்தது என்று ஒன்று வரவே இல்லை. மே மாசம் முடிகிற நேரத்தில் அவர் பதறிப்போய் அதே பட்டணத்துக் கடைக்கு ஓடினார். அந்த வண்டி விற்றுப்போய், கண்ணாடிக்குப் பின்னால் தையல் மிஷின் நின்றிருந்ததாம். அப்புறம் எந்தக் கடையைக் கேட்டாலும், வந்தால் சொல்கிறோம் என்ற ஒரே பதில். குழாயையாவது அறுத்துவிடலாம் என்று போனால், இனி அறுத்தால் வண்டியே ஒடிந்துவிடும் என்றானாம் வெல்டிங்காரன்.

பள்ளிக்கூடம் திறக்கிற அன்றைக்கு நான் விடுவதாக இல்லை. விடிவதற்கு முன்னால் எழுந்து நடந்தேன். வழியில் கரி பஸ் வந்தது. ஏறினேன். இன்ஸ்பெக்டரம்மா சொன்ன அதே மேட்டில் நின்றது. டிரைவர் இறங்கி அடுப்பைக் கிளற, நான் இறங்கி ஓட, போய்ச் சேர்ந்தபோது பிள்ளைகள் உள்ளே உட்கார்ந்து வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தார்கள். இன்ஸ்பெக்டரம்மா வாசலில்தான் இருந்தார். புடவை முழங்கால் வரை புழுதி, எனக்கு மூச்சு வாங்குகிறது.

“வண்டி வாங்கினியாமே?” என்றார்.

கம்பியைச் சொல்வதா, கண்ணாடிக் கடையைச் சொல்வதா? “வாங்கினதுங்க... இல்லைங்க,” என்று உளறினேன். அவர் கோபப்படவில்லை. தண்ணீர் கொடுக்கச் சொன்னார். இன்னும் ஒரு வாரம் பார்க்கிறேன் என்றார். அந்த வாரத்தில் ஒரு நாள் நேரத்துக்குப் போனேன், மற்ற நாளெல்லாம் தாமதம். வெள்ளிக்கிழமை எனக்குக் கால் வீங்கிவிட்டது. சனிக்கிழமை அந்தக் கிராமத்திலேயே இருந்த ஒரு மணியக்காரர் மருமகளுக்கு வேலையைக் கொடுத்துவிட்டார்கள். பக்கத்து வீட்டிலிருந்து வருகிறாள், தாமதமே ஆகாது. நியாயம்தான். நான் இன்ஸ்பெக்டரம்மாவாக இருந்திருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

வீட்டுக்கு வந்து சர்ட்டிபிகேட்டைப் பெட்டியில் வைத்தேன். புடவையை வெயிலில் போடும்போதுகூட அப்புறம் அதை எடுத்துப் பார்ப்பதில்லை. பாவா அதற்குப் பிறகு பொட்டலம் எதுவும் கொண்டுவரவில்லை. நடித்துக் காட்டுவதும் நின்றுபோனது. சோற்றைத் தின்றுவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு எழுந்துவிடுவார். கோபமே வராமல் இரண்டு பேரும் ஒரே வீட்டில் இருந்தோமே, அந்த நாட்கள்தான் எனக்குத் தாங்கவே முடியவில்லை. அடுத்த வருஷம் பெண் குழந்தை பிறந்தது. அப்புறம்தான் வீட்டில் கொஞ்சம் சத்தம் வந்தது.

சுதந்திரம் எல்லாம் வந்து, குழந்தை தத்தித் தத்தி நடக்கிற சமயம். ஒரு சாயங்காலம் பாவா ரயில் ஸ்டேஷனிலிருந்து ஒரு லேடீஸ் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். புத்தம் புதுசு. ஹாண்டில்பாரில் சுற்றியிருந்த காகிதத்தைக்கூடப் பிரிக்கவில்லை. எங்கே நிறுத்துவது என்று தெரியாதவர்போல வாசலிலேயே நின்றார்.

“எம்மாத்துக்கு வாங்கினீங்க?” பழக்கம், அதுதான் என் வாயில் முதலில் வந்தது.

“அவன் கேட்ட வெலய குடுத்துட்டேன். பேசவே இல்ல. கடய வுட்டு எறங்கவும் இல்ல.”

எனக்கு ‘ங்க’வும் வரவில்லை, கோபமும் வரவில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டேன். அவர் வெகு நேரம் வாசலிலேயே நின்றிருந்தார். பாவி மனுஷன், அன்றைக்கு அவர் தப்பே செய்யவில்லை. நான்தான் அவரிடம் ஒரு நல்ல வார்த்தை சொல்லவில்லை. இன்றைக்குச் சொல்லலாம் என்றால் கேட்க அவர் இல்லை.

சில நாள் அந்த வண்டியை நான் தொடவில்லை. அப்புறம் ஒரு காலையில் குழந்தையைப் பக்கத்து வீட்டு அம்மாளிடம் விட்டுவிட்டு ஏறினேன். மறந்திருக்கும் என்று நினைத்தேன், மறக்கவில்லை. அரக்கோணம் ரோட்டில் போனேன். இரண்டு பக்கமும் நாற்று நட்ட வயல். கரி பஸ் நிற்கிற மேடு வந்தது. இறங்கித் தள்ளாமலே ஏறிவிட்டேன். கிராமத்துக்குத் திரும்புகிற வண்டித்தடம் வந்தது, திரும்பினேன். ஏன் திரும்பினேன் என்று கேட்டால் தெரியாது. பள்ளிக்கூட வாசலில் போய் நின்றேன். மணியக்காரர் மருமகள், அந்த டீச்சர், சாவியைக் கையில் வைத்துக்கொண்டு அப்போதுதான் வந்தாள். என்னைப் பார்த்து நல்ல மனசோடு சிரித்தாள்.

“வாங்கக்கா. இன்னா வேலயா வந்தீங்க?”

“ஒண்ணுமில்லம்மா. வண்டிய ஓட்டிப் பாக்கலாம்னு வந்தேன்.”

“ஆங், நல்லா கீதுக்கா வண்டி,” என்று சொல்லிவிட்டுப் பூட்டைத் திறந்தாள். பிள்ளைகள் ஒன்றும் இரண்டுமாக வந்துகொண்டிருந்தார்கள். முதல் மணி அடிக்க இன்னும் நேரம் இருந்தது.